பி.டி. தாமஸ் பிழைக்கத் தெரியாதவரா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். கல்குவாரியைப் பற்றி நான் வாயைத் திறந்ததுமே அந்த அண்ணன், "மலை மலைன்னு பேசின பி.டி. தாமஸ் கதி என்னாச்சு? பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்ன கதி ஆனது என்று நானே சொல்கிறேன். கேரளத்தில் காங்கிரஸ் அரசியல்வாதி. தொடுபுழாவில் இரண்டு முறை எம்.எல்.ஏ., அப்புறம் இடுக்கி எம்.பி. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாதுகாக்கச் சொன்ன மாதவ் காட்கில் குழு அறிக்கையைப் பகிரங்கமாக ஆதரித்தார். உயிரோடு இருந்த மனிதருக்கு அவர் தொகுதியிலேயே பாடை கட்டி ஊர்வலம் போனார்கள். 2014இல் காங்கிரஸ் அவருக்கு சீட் தரவில்லை. வேறு ஆளை நிறுத்தி இடுக்கியை இழந்தது. தோற்றது தாமஸ் இல்லை, நன்றாகக் கவனியுங்கள். 2016இல் திருக்காக்கரையில் ஜெயித்தார், 2021இல் மறுபடியும் ஜெயித்தார். பேச்சை மாற்றாமலே ஜெயித்தார். இவரா பிழைக்கத் தெரியாதவர்?

"முல்லைப் பெரியாறில் புது அணை கேட்டவரை நீ தூக்கிப் பிடிக்கிறாயா?" என்று வருவீர்கள். கேட்டார்தான். அதில் நான் அவர் பக்கம் இல்லை, அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். அதற்காக மலையைப் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடுமா?

அந்த அறிக்கையால் பட்டா போய்விடும் என்று விவசாயிகள் பயந்தார்களே என்பீர்கள். பயந்தார்கள், சரி. எங்கள் சின்னம்மா விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்துக் கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். மழைக்காலத்தில் அந்த ஜீப் திரும்பி வரும்வரை பாட்டி வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டார். தோட்டத்தை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த அறிக்கை தோட்டத்தை மூடச் சொல்லவில்லை. எளிதில் பாதிக்கப்படும் இடங்களில் புதிதாகக் குவாரிக்கு அனுமதி தராதே என்றது. அதைச் சொன்னவருக்குத்தான் பாடை!

2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கே கொன்றது பேய்மழை, குவாரி மேல் அந்தப் பழியை நான் போடவில்லை. ஆனால் மலை இறங்கி வந்தால் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், தூங்குகிறவன்தான் சாகிறான். மலைக்காகப் பேசுகிறவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு எப்படி மனசு வருகிறது?

2021 டிசம்பரில் தாமஸ் வேலூரில் இறந்தார். மலர்வளையம் வேண்டாம், கண்களைத் தானம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அஸ்தியில் ஒரு பங்கை அதே இடுக்கியில், அம்மாவின் கல்லறையில் சேர்க்கச் சொன்னார். யார் மேலும் வன்மம் இல்லை அவருக்கு. எனக்கு இருக்கிறது.

நம் பக்கத்தில் மலைக்காக சீட்டையே பணயம் வைத்த ஒரே ஓர் எம்.எல்.ஏ. பெயரைச் சொல்லுங்கள். இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.