கண்காணித்த கை மாறிவிட்டது
2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததால், அரசின் உணவுத் திட்டங்கள் மக்களைச் சேர்கின்றனவா என்று 2001 முதல் பார்த்துவந்த உணவு உரிமை வழக்கை உச்ச நீதிமன்றம் 2017-இல் முடித்தது சரியே என்கிறது ஒரு கட்டுரை. உரிமை சட்டமானது உண்மைதான், ஆனால் கண்காணித்த கை மாறிவிட்டதே! இந்த வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் நேரே நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார்கள். பள்ளி மதிய உணவில் 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் என்ற நீதிமன்றத்தின் 2001 உத்தரவு நடப்பில் இருக்கிறதா என்று அரசுக்கு வெளியே நின்று பார்க்க ஆள் இருந்தது. இப்போது புகார் மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் போகிறது, மேல்முறையீடு மாநில உணவு ஆணையத்துக்கு. இரண்டையும் அமைப்பது, யார்மீது புகாரோ அதே மாநில அரசு. சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி தனி ஆணையம்கூட வேண்டாம், ஏற்கெனவே உள்ள வேறோர் ஆணையத்திடம் இந்த வேலையையும் கொடுத்துவிடலாம். பரிந்துரைத்த நிவாரணத்தைத் தராத ஊழியருக்கு அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். குறைந்தபட்சம் 28-ஆம் பிரிவின் சமூகத் தணிக்கை, அதாவது திட்டம் நடக்கும் விதத்தை மக்களே சரிபார்ப்பது, எல்லா மாநிலங்களிலும் ஒழுங்காக நடக்கும்வரையாவது வழக்கை முடிக்காமல் நிலுவையில் வைத்திருந்திருக்க வேண்டும்.