மொட்டைத் தலையோடு வந்த பையன்

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இருபது நாள் லீவுக்கு அப்புறம் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தான். "என்னடா, திருப்பதியா, பழனியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "அப்பா செத்துட்டாரு சார்" என்றான். கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தான். பாவம், அவனுக்கும் விஷயம் தெரியாது.

வகுப்பாசிரியருக்குத் தெரியும். தலைமையாசிரியர் துக்கத்துக்கே போய் வந்திருக்கிறார். அறிவியல் எடுக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்கிற வழக்கமே எங்கள் பள்ளியில் இல்லை.

கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரித்தோம், தீயணைப்பானை மாட்டினோம். அது கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் சாவு வந்த பிறகு என்ன செய்கிறோம்? பிரேயரில் மௌன அஞ்சலி, அப்புறம் லீவு. மறுநாள் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது இறந்த பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் டீச்சர் திணறி நிற்கிறார். அரசுப் பள்ளிப் பிள்ளையின் சம்பாதிக்கிற பெற்றோர் விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. அதற்குப் படிவம் இருக்கிறது. அந்தப் பிள்ளை திரும்பி வருகிற முதல் நாளுக்குத்தான் ஒன்றும் இல்லை.

பெரிய செலவு எதுவும் இல்லை. வீட்டுக்கு யார் போவது, எல்லா ஆசிரியர்களுக்கும் யார் சொல்வது, அவன் வருவதற்கு முன்பே வகுப்புப் பிள்ளைகளிடம் யார் பேசுவது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். அவனிடமும் கேட்க வேண்டும், மற்றவர்களுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று. பாடத்தின் நடுவே அழுகை வந்தால் எழுந்து போய் உட்கார ஓர் இடம், கூட இருக்க ஓர் ஆள். சுவரில் எழுதியிருக்கும் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) ஆகியவற்றை எப்போது அழைப்பது என்பது ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் "தாத்தா தூங்குறாரு" என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரி அது கண்ணை மூடப் பயப்படும். "இறந்துட்டாரு, இனி வரமாட்டாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அந்தக் காலாண்டு ரேங்க் கார்டில் 'தந்தை கையொப்பம்' என்ற கட்டத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான். அவன் அம்மா கட்டத்துக்கு வெளியே, ஓரமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.