மலிவு டிக்கெட், இலவச முறைப்பு

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வர மறுபடியும் அதே மலிவு விமானம். புத்தி வேண்டாமா எனக்கு?

மலிவாம்! சீட்டைத் தேர்ந்தெடுத்தால் தனிக் காசு, அது காலை மடக்க முடியாத நடுச் சீட்டாக இருந்தாலும். அப்புறம் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று. யாருடைய வசதி? கைப்பை 7 கிலோ. என்னுடையது 7.6. தராசைக் காட்டி, ஏதோ தங்கம் கடத்தியவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. மக்ரூன் டப்பாவை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். இப்போது சரியாம். விமானத்துக்கு மட்டும் எடை குறைந்துவிட்டதா?

இரண்டரை மணி நேரம் தாமதம். கவுன்ட்டரில் கேட்டால், நிமிராமலே "போர்டைப் பாருங்க சார்". போர்டில் பச்சையாக 'ஆன் டைம்'. எந்த ஊர் டைம்? இரண்டு மணி நேரம் தாண்டினால் சிற்றுண்டி தரவேண்டும் என்று விதியே இருக்கிறது. சண்டை போட்ட பிறகு வந்தது, ஒரு பிஸ்கட் பாக்கெட். கொடுத்த முகத்தைப் பார்த்தால் அன்னதானம்தான்.

அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை; நான்கு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். திட்டு வாங்க அவர்கள், லாபம் வாங்க வேறு யாரோ.

அரசுப் பேருந்து நடத்துனர் சில்லறைக்குத் திட்டுவார், உண்மைதான். ஆனால் வண்டி நின்றால், "பத்து நிமிஷம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க" என்றாவது சொல்வார்.