கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

வியாழக்கிழமை செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டும்போது அண்ணன் தோளில் குலை விழுந்தது நம் பட்டணத்தில் எல்லாருக்கும் தெரியும், விவரமாக மறுபடி சொல்லப்போவதில்லை. ஆனால் "கவனக்குறைவுதான் காரணம், தலைக்கவசம் போட்டிருக்கலாம்" என்று அதைப் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ வரும். அது அவ்வளவு உயரத்திலிருந்து தோளில் விழுந்தால் தலைக்கவசம் என்ன செய்யும்? குலை வெட்டும் அரிவாள் கம்பின் இணைப்பு வழுக்குகிறது என்று அண்ணன் திங்கட்கிழமையே பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், சொன்னார். "இந்த வாரம் சமாளி" என்றார்கள். அவர் சொன்னார். அதை யாரும் எழுதவில்லை.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை முதலில் முதலாளியிடம்தான் கொடுக்கிறது. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500,000 வெள்ளியாக ஏறியது. ஆபத்து கண்முன்னே இருந்து, சொல்லியும் சரிசெய்யாவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பெரட்டுக்களத்தில் இதை யாராவது தமிழில் சொன்னார்களா? தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிகளுக்கு அவர்கள் மொழியில்?

தொழிலாளிக்கும் கடமை உண்டு என்பீர்கள். உண்டு, கொடுத்த கவசத்தைப் போட வேண்டும். சரி. ஆனால் குலைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் கம்பைக் கீழே வைத்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியில்தான் பிள்ளையின் பள்ளி பஸ் காசு இருக்கிறது. விலகிப் போயிருக்கலாமே என்று வீட்டில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

என் அம்மா 17 வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவர். கையுறை கேட்டால் ஸ்டோரில் இல்லை என்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அது. 2020 ஜனவரி 1-இல்தான் இந்த நாட்டில் அதைத் தடை செய்தார்கள். அம்மாவின் கட்டைவிரல் நகம் வெளுத்து, அடியோடு பெயர்ந்து விழுந்தது. ரசச் சோற்றைப் பிசைந்தால் எரியும் என்று பல நாள் கரண்டியால் சாப்பிட்டார். அப்போது தோட்டத்துக் கிராணியும் (கணக்கர்) இதையேதான் சொன்னார்: "கவனமா அடிக்கணும்மா."

தோட்டத்தில் எது நடந்தாலும் கடைசியில் நம் ஆள் மேல்தான் பழி வருகிறது. இப்போது அதை நாமே எழுதுகிறோம், அதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். நேற்று அதை என்னிடம் காட்டி, "இவங்க நம்ம ஊருதானே?" என்று கேட்டார்.