செனகாவைப் பாதியில் வெட்டாதீர்கள்

முந்தாநாள் அந்தத் தங்கச்சியின் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, வீட்டு ஓனருக்கு என்ன பதில் சொல்வது என்று எழுதியிருந்தாள். உடனே ஒருவர் பளிங்குச் சிலைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார்: ‘குறைவாக வைத்திருப்பவன் ஏழையில்லை, இன்னும் வேண்டும் என்று ஏங்குபவனே ஏழை. செனகா.’ அதற்கு அத்தனை லைக்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பத்து வருடமாக நான் திரும்பத் திரும்பப் படிக்கிற மனிதர் செனகா, பழைய ரோமானியத் தத்துவஞானி.

வரி அவருடையதுதான். லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்களில் இரண்டாவதன் முடிவில் வருகிறது. லூசிலியஸ் சிசிலியில் பேரரசரின் அதிகாரி, சாப்பாட்டுக்கு வழியில்லாதவர் இல்லை. அந்த வரியைத் தொடர்ந்து செனகா கேட்கிறார்: பெட்டியில் எவ்வளவு இருந்தால் என்ன, களஞ்சியத்தில் எவ்வளவு கிடந்தால் என்ன, எவ்வளவு வட்டிக்கு விட்டால் என்ன, அடுத்தவன் பொருள்மேல் கண் இருந்தால்? வட்டிக்கு விடுகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது. பிறகு, செல்வத்துக்கு அளவு எது என்பதற்குப் பதில்: முதலில் தேவையானது இருக்க வேண்டும், அடுத்து போதுமானது. அதோடு கடிதம் முடிகிறது.

முதலில் தேவையானது இருக்க வேண்டும். இந்த வரியைத்தானே வெட்டினீர்கள்?

‘செனகாவே பெரும் பணக்காரர், அவர் பேச்சு எதற்கு’ என்று சிலர் வருவீர்கள். கி.பி. 58இல் அவருடைய எதிரி சுய்லியஸ் இதையே கேட்டார். பேரரசர் நீரோவோடு நான்கு வருட நட்பில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) எந்த ஞானத்தால் சேர்ந்தது என்று. ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் இருந்த காலம் அது. பிரிட்டனில் அவர் கொடுத்த 4 கோடிக் கடனைத் திடீரென்று திருப்பிக் கேட்டதும் அங்கே கலகம் வெடிக்க ஒரு காரணம் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டியோ. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. நான் அறத்தைப் பற்றிப் பேசுகிறேன், என்னைப் பற்றி அல்ல என்று செனகா சொன்ன பதில் எனக்கும் முழுசாக ஒப்பவில்லை. ஆனாலும் வசதியானவர்களுக்கு அவர் சொன்னதைச் சம்பளம் வராதவளிடம் தூக்கிப் போட்டது அவர் இல்லை, நீங்கள்.

‘ஆசையைக் குறைத்தால் கஷ்டம் குறையும்’ என்பீர்கள். உழைத்த கூலியைக் கேட்பது ஆசையா? இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பதினெட்டாம் கடிதத்தில் செனகா சில நாள் முரட்டு ரொட்டியும் முரட்டுத் துணியுமாக வாழ்ந்து பார்க்கச் சொல்கிறார். அதையாவது படியுங்கள். ‘பெரிதாக எதையோ செய்துவிட்டதாக நினைக்காதே, பல்லாயிரம் அடிமைகளும் பல்லாயிரம் ஏழைகளும் செய்வதைத்தான் நீயும் செய்கிறாய்’ என்று அங்கேயே எழுதிவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்கிறாய், அது ஒன்றுதான் உனக்குப் பெருமை என்கிறார். கட்டாயத்தில் வாழ்கிறவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் அப்பா தறி ஓட்டினார். கண்ணாடி மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தும் இரண்டு வருடம் மாற்றவில்லை. கேட்டால் ‘எனக்கெதுக்குப்பா’ என்பார். ஆசையே இல்லாத மனுஷன் என்று தெருவே அவரைப் புகழ்ந்தது. நானும் நம்பினேன். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அந்தச் சீட்டு நாலாக மடித்து, பாலித்தீன் கவரில் போட்டு பத்திரமாக இருந்தது.

ஒரு படத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிறவர்களுக்கு அந்தச் சீட்டைக் காட்டத்தான் முடியும்.

தங்கச்சி, நேற்றே நீ அந்தப் பதிவை அழித்துவிட்டாய் என்று பார்த்தேன். திரும்பப் போடு. எத்தனை மாதம், எவ்வளவு பாக்கி என்று கணக்கோடு போடு. நான் பகிர்கிறேன்.