அந்த ஆப் நோயைச் சொல்வதில்லை

யாழ்ப்பாணத்தில் வாட்டுக்கு வரும் மருத்துவபீடப் பிள்ளைகள் நோயாளியைப் பார்க்காமல் போனைத் தட்டுகிறார்கள், ஆப் சொல்வதைத்தான் எழுதுகிறார்கள் என்று மேலே ஒரு அண்ணா போட்டிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். கோபம் விளங்குகிறது அண்ணா, ஆனால் அது அப்படி நடப்பதில்லை. நானும் அங்கே படிக்கிற பிள்ளைதான்.

தலையில் அடிபட்டு வருபவரின் நினைவு நிலையைப் பார்க்க கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1974இல் வந்தது, போனுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. கட்டிலடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் இல்லையென்றால் நகத்தடியை அழுத்திப் பார்க்க வேண்டும்: அப்போதுதான் கண் திறந்தால் 2 புள்ளி, விளங்காத முனகல் மட்டும் என்றால் 2, வலிக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோனால் 5, மொத்தம் 9. ஆப் செய்வது அந்தக் கடைசிக் கூட்டல் மட்டும். கண்ணையும் கையையும் பார்த்தது பிள்ளைதான், அதையும் பெரிய டொக்டர் திரும்பப் பார்ப்பார்.

நம்பிக்கை இல்லையென்றால் எம்டிகால்க் (MDCalc) என்ற மருத்துவக் கணக்கு இணையதளத்தில் இந்த அளவுகோலை நீங்களே திறந்து பாருங்கள், காசு தேவையில்லை. கண், பேச்சு, அசைவு என்று மூன்றையும் உங்களிடம்தான் கேட்கும். அப்புறம் வருவது 3இலிருந்து 15க்குள் ஒரு எண், நோயின் பெயர் வராது.

பகிர்ந்தவர்களும் ஒருமுறை திறந்து பார்த்தால் நல்லது.