வசனம் படத்துல இருந்துச்சுங்க, ஹால்லதான் இல்ல

ஞாயித்துக்கிழமை பாலக்காட்டு எல்லைல இருக்கற கொழிஞ்சாம்பாறைல நடந்த குறும்படத் திரையிடல் பத்தி மூணு நாளா ஓடற பதிவுகளை எல்லாம் படிச்சாச்சு. என்ன நடந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கு: ராத்திரி வாய்க்கால் தண்ணி மொறைக்குக் காத்திருக்கற ஒரு பாட்டியை வெச்சு ஒரு பொண்ணு எடுத்த படம், ஹால்ல வசனமே கேக்கல, பழியெல்லாம் அவ மேல. படம் 14 நிமிஷம், கருத்து 50 நிமிஷம். "மொதல்ல சவுண்டு கத்துக்கிட்டு வாம்மா"ன்னு ஒரு பெரியவர் சொன்னதுக்குக் கைதட்டல் வேற.

சரி, சவுண்டையே பேசுவோம்.

வசனம் கேக்கல. ஆனா இசை கேட்டுச்சு, வாய்க்கால் சத்தம் கேட்டுச்சு. அத்தனை பேரும் இதையேதான் எழுதியிருக்கீங்க, ஒருத்தருக்குமா சந்தேகம் வரல? ரெக்கார்டிங் மோசம்னா வசனம் இரைச்சலோட வரும், உடைஞ்சு வரும், கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி வரும். வசனம் மட்டும் துடைச்சு எடுத்த மாதிரி காணாமப் போகாது. அப்படிப் போனா ஒயரைப் பாக்கணும்.

படம் ஓடின லேப்டாப்போட இயர்போன் ஜாக்கிலிருந்து, ஹால் ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பற மிக்சருக்குப் போனது ரெண்டு முனையிலயும் ஸ்டீரியோ பின் வெச்ச ஒயர். சொருகினது மோனோ பேலன்ஸ்டு சேனல்ல. அந்தச் சேனலோட வேலையே பின்னோட நுனியில வர்றதிலிருந்து நடு வளையத்துல வர்றதைக் கழிக்கறதுதான். நீள ஒயர்ல ஏறற இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி ஏறும், கழிச்சாப் போயிடும், அதுக்கான ஏற்பாடு. லேப்டாப் அனுப்பறதோ நுனியில இடது, வளையத்துல வலது. இடதிலிருந்து வலதைக் கழிச்சா, ரெண்டுலயும் சமமா இருக்கறது பூஜ்யம். படத்துல வசனத்தை நடுவுல, ரெண்டு பக்கமும் சமமாத்தான் வைப்பாங்க. போச்சு. இசையும் தண்ணியும் ரெண்டு பக்கமும் வேற வேறயா விரிஞ்சிருந்ததால தப்பிச்சுது.

நடுவுல ஒருத்தர் ஓடிவந்து லேப்டாப்ல மோனோ ஆடியோவை ஆன் பண்ணினாரே, மொத்தச் சத்தமும் செத்துச்சே, ஞாபகம் இருக்குங்களா? இடதும் வலதும் ஒண்ணாயிட்டா கழிச்சு மிச்சம் என்ன இருக்கும்? அதுக்கும் அந்தப் பொண்ணைத்தான் திரும்பிப் பாத்தீங்க. அவர் அதுக்குப் பதிலா லேப்டாப்ல இடது-வலது பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளியிருந்தா, கழிக்க வலதே இருந்திருக்காது, வசனம் வந்திருக்கும். 10 செகண்ட் வேலை. முறையாச் செய்யறதுன்னா ஒய் கேபிள்: ஒரு முனை 3.5 எம்எம் ஸ்டீரியோ, மறுமுனையில 6.35 எம்எம் மோனோ பின் ரெண்டு, மிக்சர்ல ரெண்டு சேனல். மைக்குக்கு மாலை போட்ட காசுல வாங்கியிருக்கலாம்.

"அப்ப விமர்சனமே பண்ணக்கூடாதா?"ன்னு ஒருத்தர் வருவார். பண்ணுங்க. படத்துல நிஜமாவே ஒரு தப்பு இருக்கு, 9-வது நிமிஷம் பஸ் ஸ்டாப் காட்சி. டியூப்லைட் வெளிச்சத்துல திரை மேல கறுப்புப் பட்டை ஓடுது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். கேமரா ஷட்டர் 1/50 செகண்ட் வெச்சா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியா ரெண்டு மினுக்கல் விழும். பொண்ணு 1/60 வெச்சிருக்கு, ஒண்ணே முக்காலுக்கும் கம்மியா விழுது, பட்டை ஓடாம என்ன பண்ணும்? இது அவ தப்பு, ஒத்துக்கறேன். 50 நிமிஷம் பேசினவங்கள்ல ஒருத்தராவது இதைச் சொன்னீங்களா? "லேக்", "கனெக்ட் ஆகல", "இன்னும் உழைக்கணும்". எந்த ஷாட்ல லேக், எந்த இடத்துல கனெக்ட் அறுந்துச்சுன்னு சொன்னாத்தானே எடிட் டைம்லைன்ல போய்க் கை வைக்க முடியும்?

"முன்னாடியே டெஸ்ட் பண்றது டைரக்டர் வேலை இல்லையா?" நியாயமான கேள்விதான். அவ 3 மணிக்கே வந்து நின்னுட்டா. ஹால் சாவி வந்தது 5.10-க்கு. 5.30-க்கு குத்துவிளக்கு. இதுக்கு மேல என்ன சொல்ல.

இதுல ஒரு அண்ணன், "14 நிமிஷம் எடுத்து ஆழியாறு ஒப்பந்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல"ன்னாரு. தமிழ்நாடும் கேரளமும் ஆத்துத் தண்ணியைப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. பாலக்காட்டுச் சித்தூருக்கு வருஷம் 7.25 டிஎம்சின்னு 1970-ல கையெழுத்தான கணக்கை, ராத்திரி மொறைத் தண்ணிக்கு வாய்க்கா மேட்டுல டார்ச்சோட உக்காந்திருக்கற அம்மாயி படிச்சுக் காட்டணுமாங்க? அது வேற படம். நீங்க எடுங்க, நாங்க வந்து பாக்கறோம். கேபிளும் கொண்டு வர்றோம்.

எல்லாத்தையும் விட எரிச்சல் இதுதான். கோயமுத்தூர்ல இருந்து வந்தவர், "இது என்ன தமிழு, பாதி மலையாளம்"ன்னாரு. பாலக்காட்டுக்காரர் அதே மூச்சுல, "கேரளத்துல எடுத்துட்டு மலையாளமே இல்லையே"ன்னாரு. ஏனுங்க, கேக்கவே கேக்காத வசனம் எந்த மொழின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சப்டைட்டில் இங்கிலீஷ்ல இருந்துச்சு! 1965-லயே ஃபிலிம் சொசைட்டி ஆரம்பிச்ச கேரளம் இதுன்னு மேடையில பெருமை பேசினீங்களே, அந்த ரசனைதானா இது?

படத்துல நடிச்சது அந்தப் பொண்ணோட சொந்த அம்மாயி. மூணாவது வரிசையில புதுச் சேலை கட்டி உக்காந்திருந்தாங்க. பாதிப் படத்துல பேத்தி காதுல, "என்ர வாயி அசையுது, பேச்சே வரலயே கண்ணு, நாந்தான் மெதுவாப் பேசிட்டேனா?"ன்னு கேட்டாங்களாம். அதை அந்தப் பொண்ணு நோட்டுல எழுதி வெச்சிருக்கு, உங்க கருத்தையெல்லாம் எழுதின அதே பக்கத்துல.

ஒயர் இன்னும் அந்த மிக்சர்லயேதான் தொங்குது. வர்ற ஞாயிறு அதே ஹால்ல இன்னொரு காலேஜ் பசங்க படமாம்.